டூர் டி பிரான்ஸ் 2025: போகாச்சர் தோற்ற மலைகள் மூன்றும் இந்தப் பாதையில் இருக்கின்றன. உங்கள் கணிப்பு என்ன?

ஈசிஆர் விடியல் | 29 ஜூன் 2025, ஞாயிறு, காலை 10.20

இன்று காலை மாமல்லபுரம் போய்த் திரும்புகையில் கோவளத்தில் டீக்கு நின்றோம். ஐந்து பேர். அடுத்த சனிக்கிழமை லீல் நகரில் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்குகிறது என்றால் பேச்சு வேறு எங்கே போகும்? நான்கு பேர் "போகாச்சர்தான், இதில் பேச என்ன இருக்கு" என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடையில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

பாதையைப் பாருங்கள். ஹோட்டகாம், மோன் வான்டூ, கோல் டெ லா லோஸ் மூன்றும் இந்த வருடம் இருக்கின்றன. மூன்றுமே மலை உச்சியில் முடிகிற நாட்கள். இந்த மூன்று மலையிலும் போன வருடம் ஜெயித்த டடேய் போகாச்சரை அவருடைய முக்கியப் போட்டியாளர் யோனாஸ் விங்ககோர் பின்னால் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். 2021-ல் வான்டூவில், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால். இறக்கத்தில் போகாச்சர் மறுபடி பிடித்துவிட்டார், ஆனால் ஏற்றத்தில் அவரை விட்டுப் போக ஒருவரால் முடியும் என்று எனக்குப் புரிந்தது அன்றுதான். 2022-ல் ஹோட்டகாமில் 1 நிமிடம் 4 விநாடி. 2023-ல் லோஸ் ஏற்றத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். தான் முடிந்துவிட்டதாக ரேடியோவில் அவரே அணியிடம் சொன்னார். அந்த ஒரு நாளில் 5 நிமிடம் 45 விநாடி போயிற்று.

கடந்த ஐந்து டூர்களில் மூன்று போகாச்சருக்கு (2020, 2021, 2024), இரண்டு விங்ககோருக்கு (2022, 2023). 2021-லிருந்து முதல் இரண்டு இடங்களில் இவர்களைத் தவிர வேறு ஆள் வந்ததே இல்லை. போன வருடம் 6 நிமிடம் 17 விநாடி வித்தியாசம், உண்மைதான். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு பாஸ்க் நாட்டுப் போட்டியில் விழுந்து விங்ககோருக்கு நுரையீரல் சுருங்கி, காலர் எலும்பும் விலா எலும்புகளும் முறிந்திருந்தன. அந்த உடம்போடு வந்து இரண்டாம் இடம் பிடித்தவர் அவர். இந்த முறை அப்படி இல்லை.

என் கணிப்பு: 24 ஜூலை, 18-வது ஸ்டேஜ் (பந்தய நாள்), லோஸ் உச்சி. முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி அங்கே கை மாறும்.

---

வேளச்சேரி வாட்ஸ் | 29 ஜூன், காலை 11.05

அண்ணா, டீக்கடையில் டம்ளரைக் கீழே வைத்த நால்வரில் நானும் ஒருவன், அதனால் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

இரண்டு வாரம் முன்பு முடிந்த, டூருக்கு ஒத்திகை மாதிரியான டோஃபினே போட்டியை நீங்கள் தொடவே இல்லையே. அங்கே கோம்ப்ளூவில் முடிந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் டூரின் டைம் ட்ரயலில் (ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தோடு போட்டியிடும் நாள்) இதே கோம்ப்ளூவில் போகாச்சர் 22.4 கிலோமீட்டரில் 1 நிமிடம் 38 விநாடி இழந்தார். அவர் வாழ்க்கையில் வாங்கிய மிகப் பெரிய அடிகளில் அது ஒன்று. இந்த ஜூனில் அதே தொமான்சி ஏற்றத்தில் முடுக்கினார், விங்கரால் (நம்ம விங்ககோர்தான்) ஒட்ட முடியவில்லை. முடிவுக் கோட்டில் 1 நிமிடம் 1 விநாடி வித்தியாசம். அப்படியென்றால் உங்கள் "தோற்ற மலை" கணக்கில் ஒரு மலை ஏற்கனவே திரும்பி வந்துவிட்டது.

அதிலும் அந்த முதல் ஒரு நிமிட மிதியைப் பாருங்கள். விங்கர் 40 நிமிடம் சீராக ஏறுவதில் உலகத்தின் மிகச் சிறந்த ஆள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போகாச்சர் முதல் முடுக்கத்திலேயே 10 மீட்டர் இடைவெளியை உண்டாக்கிவிடுகிறார். அதை அடைக்க முயன்றால் கால் எரியும், அடைக்காவிட்டால் இடைவெளி வளரும். 2022, 2023-ல் இந்த முடுக்கத்தை விங்கர் சமாளித்தார். 2024-லிருந்து அவரால் முடியவில்லை.

---

தாம்பரம் புதுசு | 29 ஜூன், காலை 11.40

வணக்கம். ஆறு மாதமாகத்தான் ரோடு பைக் ஓட்டுகிறேன், டூர் முழுதாகப் பார்க்கப்போவது இதுதான் முதல் முறை. ஒரு சந்தேகம். ஈசிஆரில் எனக்கு முன்னால் ஓட்டுபவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் 35-ல் கூட மூச்சு வாங்காமல் போக முடிகிறது. இவர்கள் மலையில் ஏன் அப்படி ஒட்டிக்கொண்டு போகக் கூடாது? ஒருவர் முந்தினால் பின்னாலேயே போய்விட்டால் தீர்ந்ததே?

---

கொல்லிமலை 70 | 29 ஜூன், மதியம் 12.30

நல்ல கேள்வி தம்பி. சமதரையில் நம் எதிரி காற்று. முன்னால் ஒருத்தர் இருந்தால் அவர் காற்றை வாங்கிக்கொள்கிறார். ஏற்றத்தில் வேகம் 20-க்குக் கீழே வந்துவிட்டால் எதிரி காற்று இல்லை, நம்ம எடைதான். அதை நமக்காக யாரும் சுமக்க முடியாது. அதனால்தான் பெரிய மலையில் அணி எல்லாம் கரைந்து கடைசியில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சுகிறார்கள். ஏலகிரிக்கு ஒரு தடவை போய்விட்டு வா. 14 வளைவில் மூன்றாவதிலேயே புரிந்துவிடும்.

முழுக்க ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வான்டூவில் கடைசி 6 கிலோமீட்டர் மரமே கிடையாது, வெறும் வெள்ளைக் கல். காற்று அடித்தால் அங்கே பின்சக்கரத்துக்கு மதிப்பு உண்டு.

---

பெரம்பூர் ஸ்டீல் பிரேம் | 29 ஜூன், மாலை 4.15

ஈசிஆர் விடியல் தம்பி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஆசையோடு எழுதியிருக்கிறார், ஆனால் ஒரு இடத்தில் எனக்கு ஒத்துப்போகவில்லை.

மலைக்கு ஞாபகம் கிடையாது. போகாச்சர் அங்கே ஏன் தோற்றார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2021-ல் வான்டூவில் அவர் ஏற்கனவே விங்ககோரைவிட 5 நிமிடத்துக்கு மேல் முன்னால் இருந்தார். பத்து மீட்டருக்காக உயிரைக் கொடுக்க வேண்டிய தேவை அன்று அவருக்கு இல்லை. 2022-ல் அவர் உடைந்தது உண்மையில் ஹோட்டகாமில் இல்லை, அதற்கு ஒரு வாரம் முன்பு கிரனோன் மலையில். காலிபியே ஏற்றத்தில் அன்று விங்ககோரின் அணியில் இருந்த ரோக்லிச் ஒரு தடவை, விங்ககோர் ஒரு தடவை என்று மாற்றி மாற்றி அடித்தார்கள். பக்கத்தில் அணியாள் இல்லாமல் இவரே ஒவ்வொன்றுக்கும் ஓடினார். இளரத்தம். கிரனோனில் 2 நிமிடம் 51 விநாடிக்கு விலை கொடுத்தார். 2023-ல் என்ன? ஏப்ரலில் லியேஜ் பந்தயத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, பயிற்சி பாதியில் நின்றுபோன வருடம் அது.

ஆக ஒன்றில் தேவையில்லை, ஒன்றில் அவசரம், ஒன்றில் காயம். மூன்று தோல்விக்கும் மூன்று காரணம். மூன்றையும் ஒரே கயிற்றில் கோர்த்து "உயரமான மலை என்றால் விங்ககோர்" என்று சொல்வது சரியில்லை. போன வருடம் 2802 மீட்டர் பொனெத்தைக் கடந்து இசோலா 2000-ல் ஜெயித்தவர் யார்? அன்று விங்ககோர் 1 நிமிடம் 42 விநாடி பின்னால் வந்தார்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2018-ல் இத்தாலியின் ஜீரோ பந்தயத்தில், ஃபினெஸ்ட்ரே ஏற்றத்தில், சைமன் யேட்ஸ் முதலிடத்துக்கான பிங்க் ஜெர்சியோடு நொறுங்கிப்போனார். நான் அன்று இரவு சாப்பிடவில்லை, அவ்வளவு வருத்தம். இந்த வருடம் மே 31, அதே ஃபினெஸ்ட்ரே. தனியாக அடித்துக்கொண்டு போய் அதே பிங்க் ஜெர்சியை எடுத்தார். ஏழு வருடம் காத்திருந்து அதே மண் சாலையில். தோற்ற இடத்துக்குத் திரும்பி வருகிறவனைப் பலவீனமானவன் என்று நான் நினைப்பதில்லை. அவனைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

---

ஈசிஆர் விடியல் | 29 ஜூன், மாலை 5.50

சார், ஃபினெஸ்ட்ரே உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. கிரனோன் விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரி, நான் ஹோட்டகாமை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் டோஃபினேவை வேளச்சேரி தம்பி பாதி மட்டும் சொல்கிறார். அங்கே 17.4 கிலோமீட்டர் டைம் ட்ரயலில் போகாச்சரைவிட விங்ககோர் 28 விநாடி வேகம். இரண்டாவது, கோம்ப்ளூவுக்கு மறுநாள். மதலேன், குருவா டெ ஃபேர், பிறகு வல்மெனியே ஏற்றம். அந்த வாரத்தின் மிகக் கடினமான நாள். அன்று வித்தியாசம் வெறும் 14 விநாடி. நாள் நீள நீள இடைவெளி குறைகிறது. கடைசிக் கணக்கு 59 விநாடி. ஆறு நிமிடம் எங்கே, 59 விநாடி எங்கே?

---

வேளச்சேரி வாட்ஸ் | 29 ஜூன், மாலை 6.10

அந்த 14 விநாடி நாளை முழுசாகப் பார்த்தீர்களா அண்ணா? முன்னால் போனபிறகு போகாச்சர் உட்கார்ந்தே மிதித்தார், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. இடைவெளியை வளர்க்க அவர் முயலவே இல்லை. ஜூலைக்குச் சேமித்தார் என்றுதான் நான் பார்க்கிறேன்.

டைம் ட்ரயல் விஷயம் சரி. அது எனக்கும் உறுத்தலாக இருக்கிறது. ஜூலை 9-ம் தேதி கான் நகரில் 33 கிலோமீட்டர், தட்டையான பாதை. அங்கே விங்கர் அரை நிமிடம் எடுத்தால் உங்கள் கதைக்கு உயிர் வரும்.

---

கொல்லிமலை 70 | 29 ஜூன், இரவு 8.45

லோஸ் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் 2023 ஏற்றமும் இந்த வருட ஏற்றமும் ஒன்று என்று நினைத்துப் பேசுகிறோம். ஒன்று இல்லை. அன்று மெரிபெல் பக்கமிருந்து ஏறினார்கள். இந்த வருடம் கூர்ஷவெல் பக்கம். 26.4 கிலோமீட்டர், சராசரி 6.5 சதவீதம், உச்சி 2304 மீட்டர். உச்சி ஒன்றுதான், ஏறும் வழி வேறு.

மெரிபெல் பக்கத்துக் கடைசிப் பகுதி ஏறி இறங்கி, திடீரென்று சுவர் மாதிரி நிமிரும். கொல்லிமலைக்கு நான் நான்கு தடவை போயிருக்கிறேன், 70 வளைவு. ஏலகிரியில் ஒரு கியரைப் போட்டு ஒரே தாளத்தில் ஏறிவிடலாம். கொல்லியில் ஒரு வளைவில் மூச்சு திரும்பும், அடுத்த வளைவில் போய்விடும். தாளம் கலைந்த ஏற்றத்தில் உடம்பில் சத்து தீர்ந்தவர் மறைக்கவே முடியாது. 2023-ல் போகாச்சருக்கு நடந்தது அதுதான். அன்றைய ஸ்டேஜின் தொடக்கத்திலேயே ஒரு தடவை கீழே விழுந்தும் இருந்தார். சாப்பிட்டது எதுவும் காலுக்குப் போய்ச் சேரவில்லை என்று பிறகு அவரே சொன்னார்.

இந்தப் பக்கம் ஏறினால் நீளம் அதிகம், ஆனால் ஓரளவு சீர். சீரான நீளம் விங்கருக்குப் பிடித்ததுதான். ஆனால் நிமிர்ந்த சுவரில் ஒருவர் ஒரேயடியாக உடைந்துபோகும் ஆபத்து இதில் குறைவு. அதனால் 5 நிமிடம் எல்லாம் மறுபடி நடக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. நடந்தால் ஒரு நிமிடம்.

அந்த நாள் முழுவதையும் சேர்த்துப் பாருங்கள்: கிளான்டோன், மதலேன், லோஸ். 171.5 கிலோமீட்டரில் 5450 மீட்டர் ஏற்றம். கொல்லி அடிவாரத்திலிருந்து மேலே போவதை ஐந்து தடவைக்கு மேல் ஒரே நாளில் செய்கிற மாதிரி. இன்றைய வீரர்கள் மணிக்கு 120 கிராம் வரை கார்போஹைட்ரேட் எடுக்கிறார்கள். நான் இரண்டு கடலை மிட்டாயும் ஒரு வாழைப்பழமும் ஒரே மணி நேரத்தில் சாப்பிட்டாலே வயிறு மறுத்துவிடுகிறது. வயிற்றையும் பழக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த நாளில் யார் வயிறு கேட்கிறதோ அவருக்குத்தான் ஜெர்சி என்று நான் மனசாரச் சொல்வேன்.

---

தாம்பரம் புதுசு | 29 ஜூன், இரவு 9.05

அக்கா, இதைப் படித்துவிட்டு மேப்பைத் திறந்து அரை மணி நேரம் அந்த வளைவுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி.

---

மடிப்பாக்கம் மிதி | 30 ஜூன், திங்கள், காலை 7.30

மலையையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் வாரம்?

நேற்றுக் காலை முட்டுக்காடு பாலத்தில் போனவர்களுக்குத் தெரியும், மேற்கேயிருந்து பக்கவாட்டில் காற்று. தெற்கே போகும்போது வலது பக்கம் முழுக்க வாங்கியது. எங்கள் வரிசை நேராக நிற்கவே இல்லை, ஒருவர் பின்னால் ஒருவர் மறைய முடியாமல் சாலைக்குக் குறுக்கே சாய்ந்தது. இடம் கிடைக்காத இருவர் பாலம் முடிவதற்குள் பின்தங்கிவிட்டார்கள். வட பிரான்சில் லீல், டங்கர்க் பக்கம் இதே காற்று வீசும். 2020 டூரில் இப்படி ஒரு காற்று நாளில்தான் போகாச்சர் 1 நிமிடம் 21 விநாடி இழந்தார். பிறகு அந்த டூரை ஜெயித்தார் என்பது வேறு கதை. ஆனால் இப்போது எதிரில் இருப்பது விங்கர்.

விங்கரின் அணியைப் பாருங்கள். விஸ்மாவில் வௌட் வான் ஆர்ட், அஃபினி, கம்பனார்ட்ஸ். காற்றில் கூட்டத்தைக் கிழிப்பதற்கே பிறந்தவர்கள். மலைக்கு செப் குஸ், ஜார்கன்சன், அப்புறம் பெரம்பூர் சார் சொன்ன சைமன் யேட்ஸ். ஜீரோ ஜெயித்தவரே உதவியாளராக வருகிறார்!

போகாச்சரின் யுஏஇ அணிப் பக்கம் ஜுவாவ் அல்மேய்டா. பாஸ்க், ரோமான்டி, இப்போது சுவிஸ் டூர், மூன்று பந்தயமும் இந்த வருடம் அவருக்குத்தான். சுவிட்சர்லாந்தில் முதல் நாளிலேயே மூன்று நிமிடத்துக்கு மேல் இழந்து, கடைசி நாள் மலை டைம் ட்ரயலில் ஜெயித்து ஒட்டுமொத்தப் போட்டியையும் எடுத்தார். 2022-ல் காலிபியேயில் போகாச்சர் தனியாக நின்றாரே, அந்த இடத்தில் இப்போது அல்மேய்டா இருப்பார். ஆடம் யேட்ஸும் இருப்பார். சைமனின் இரட்டைச் சகோதரர். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஆளுக்கொரு தலைவனுக்காக எதிரெதிரே ஏறப்போகிறார்கள். எனக்கு அதை நினைத்தாலே ஒரு மாதிரி இருக்கிறது.

அல்மேய்டா மூன்றாவது வாரம் வரை நின்றால் போகாச்சர். அவர் விழுந்தாலோ காய்ச்சலில் படுத்தாலோ கதவு திறக்கும். என் கணக்கு அவ்வளவுதான்.

---

பெரம்பூர் ஸ்டீல் பிரேம் | 30 ஜூன், காலை 9.20

இது மிகச் சரி. கிரனோன் அன்று போகாச்சருக்கு ஒரே ஒரு அல்மேய்டா இருந்திருந்தால் சரித்திரம் மாறியிருக்கும்.

ஒரு சின்ன விஷயம், கணிப்புக்குச் சம்பந்தமில்லை, ஆனால் புதிய தம்பி முதல் தடவை பார்ப்பதால் சொல்கிறேன். 2022-ல் ஹோட்டகாமுக்கு முந்தைய இறக்கத்தில் போகாச்சர் சறுக்கி விழுந்தார். மஞ்சள் ஜெர்சியில் இருந்த விங்ககோர் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். போகாச்சர் வந்து சேர்ந்ததும் கையை நீட்டினார், இருவரும் பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் மேலே ஏறி அவரை அடித்தார் விங்ககோர். இந்த இருவரைத் தொடர்ந்து பார்க்க எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

---

வேளச்சேரி வாட்ஸ் | 30 ஜூன், காலை 9.45

ரெம்கோ எவனபூலை யாருமே சொல்லவில்லையே?

---

மடிப்பாக்கம் மிதி | 30 ஜூன், காலை 10.00

சொல்லலாம். பாரிஸ் ஒலிம்பிக்ஸில் டைம் ட்ரயல், ரோடு ரேஸ் இரண்டு தங்கம், போன டூரில் மூன்றாவது இடம். கான் நகர டைம் ட்ரயலை அவர் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டுவேன். ஆனால் டிசம்பரில் பயிற்சியில் தபால் வண்டியின் கதவில் மோதித் தோள்பட்டை எலும்பு வரை முறிந்தவர் ஏப்ரலில்தான் திரும்பினார். மலையில் துணைக்கு இருந்த மிக்கெல் லாண்டாவும் ஜீரோவின் முதல் நாளிலேயே விழுந்து முதுகெலும்பு முறிந்து வெளியே. டோஃபினே மலைகளில் அவர் நான்காவதுதான். மூன்றாம் இடத்துக்கு எனக்கு ரெம்கோவைவிட ஃப்ளோரியான் லிபோவிட்ஸ் மேல். பயத்லானில் (பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த விளையாட்டு) இருந்து வந்த ஜெர்மன்காரர், டோஃபினேவில் ரெம்கோவைத் தாண்டி மூன்றாவது வந்தார். அவர் அணியில் ரோக்லிச் தலைவர் என்கிறார்கள், ஆனால் ரோக்லிச் மே மாதம் ஜீரோவில் விழுந்து விழுந்து பாதியில் போனவர். மனசு கேட்கவில்லை, அவ்வளவு பிடிக்கும் எனக்கு. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

---

ஈசிஆர் விடியல் | 30 ஜூன், இரவு 10.30

எல்லாவற்றையும் படித்துவிட்டு, அலுவலகத்திலிருந்து வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

மலைக்கு ஞாபகம் இல்லை என்று சார் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். லோஸில் இன்னொரு 5 நிமிடம் நடக்காது என்று அக்கா சொன்னதும் சரி. அதனால் என் கணிப்பை மாற்றி எழுதுகிறேன். விங்ககோர் ஜெயிக்க வேண்டுமென்றால் லோஸுக்காகக் காத்திருக்கக் கூடாது. முதல் வாரக் காற்றில் வான் ஆர்ட்டை வைத்து யுஏஇ ஆட்களைக் களைப்பாக்க வேண்டும். கான் டைம் ட்ரயலில் முன்னால் வந்துவிட வேண்டும். அப்புறம் ஜூலை 17, ஹோட்டகாம். 13.6 கிலோமீட்டர், 7.8 சதவீதம், இந்த டூரின் முதல் பெரிய உச்சி. அங்கே போகாச்சர் எழுந்து மிதிக்கும்போது விங்ககோர் பத்து மீட்டருக்குள் நின்றுவிட்டால், மறுநாள் பெய்ராகூட் மலை டைம் ட்ரயலும் அதற்கு மறுநாள் டூர்மலேவும் சூப்பர்பான்யேரும் திறந்து கிடக்கும். அங்கேயே ஒரு நிமிடம் போய்விட்டால் வான்டூவும் லோஸும் இரண்டாம் இடத்துக்கான நாட்கள் ஆகிவிடும்.

ஆக நான் பார்க்கப்போகும் நாள் 24 அல்ல, 17. இப்போது கேட்டால் பத்தில் ஆறு போகாச்சர், நான்கு விங்ககோர். மனசு அந்த நான்கின் பக்கம்.

---

வேளச்சேரி வாட்ஸ் | 30 ஜூன், இரவு 10.40

பத்தில் எட்டு போகாச்சர் என்பேன் நான். ஆனால் 17-ம் தேதி என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

---

தாம்பரம் புதுசு | 30 ஜூன், இரவு 10.55

17 வியாழக்கிழமை. நம் நேரப்படி எத்தனை மணிக்கு முடியும் அண்ணா?

---

ஈசிஆர் விடியல் | 30 ஜூன், இரவு 11.00

பிரான்ஸ் நேரம் மாலை ஐந்தரை வாக்கில் முடியும், நமக்கு இரவு 9 மணி. கடைசி ஏற்றத்தை முழுதாகப் பார்க்க எட்டே காலுக்கு டிவி முன்னால் இரு. என் வீடு திருவான்மியூரில்தான், வேலை முடித்து நேராக வந்துவிடு. கொல்லிமலை அக்காவும் பெரம்பூர் சாரும் வருவதாகச் சொன்னால் சப்பாத்தியைக் கூடுதலாகச் சொல்லி வைக்கிறேன்.

---

பெரம்பூர் ஸ்டீல் பிரேம் | 1 ஜூலை, செவ்வாய், காலை 6.05

வருகிறேன். கடற்கரை ஸ்டேஷனில் மாறி பறக்கும் ரயிலில் வந்துவிடுவேன். 2022 ஹோட்டகாம் நாளைப் போனில் பதிவு பண்ணி வைத்திருக்கிறேன், எட்டு மணிக்கு முன்பே வந்தால் அந்தக் கைகுலுக்கலைத் தம்பிக்குப் போட்டுக் காட்டலாம்.